பின்கண்ணாடிக்கு நீலம்

என் அண்ணன் பெயின்டர். தெருவில் அவரை ‘இன்னொரு கோட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார். எங்கள் வீட்டுச் சுவருக்கு மட்டும் முதல் கோட்டே இன்னும் பாக்கி.

அண்ணி மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கூடத்துக் கட்டிலோடு கிடக்கிறார். அவருக்காகவே அண்ணன் மீன் தொட்டி வாங்கி எதிரே வைத்தார். எல்லாம் தங்க மீன்கள். அண்ணி ஒவ்வொன்றுக்கும் ஓர் உறவுமுறை வைத்திருந்தார். தின்றுகொண்டே இருக்கும் குண்டு மீன், “உங்கண்ணன்.” மூலையை விட்டு வராதது நான். பேச ஆளில்லாத பகல்களை அவற்றோடுதான் ஓட்டினார். ஆனால் தொட்டிக்குப் பின்னால் ஒயர்களும் ஈரம் பூத்த சுவரும் தெரிந்தன.

“ஊரார் வீடெல்லாம் பளபளங்குது. நான் மட்டும் இந்தப் பூஞ்சையைப் பாத்துட்டே கிடக்கணுமா?”

“பின்கண்ணாடிக்கு நீலம் அடிச்சிடறேன். கடலாட்டம் இருக்கும்.”

ஒரு விடுமுறை நாளில் ஆரம்பித்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. மேசையோடு தொட்டியை மெல்ல நகர்த்தினோம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டினார்.

“மீனை வேற எதுலயாவது மாத்திட்டு அடிக்கலாமேண்ணா,” என்றேன்.

“உள்ளயா அடிக்கப்போறேன்? ஒரு சொட்டு விழாது.”

பிறகு ஜன்னல்களைச் சாத்தினார். ஈரப் பெயின்டில் தூசி ஒட்டினால் அவருக்கு உயிரே போய்விடும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத்தான் சாத்துவார். மெல்லிசாக ஒரு பூச்சு அடித்தார். அது காய்ந்ததும், “இன்னொரு கோட்டு,” என்றார். அண்ணி சிரித்தார். தலை வலிக்கிறது என்றும் சொன்னார்.

மூலை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் எல்லாமே மேலே வந்துவிட்டன. நான் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.

அவர் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“வெளிப்பக்கந்தாங்க அடிச்சேன். உள்ள சொட்டுக்கூடப் போகல.”

“பெயின்ட் போகல, சரி. ஏர் பம்பு ஓடுதா?”

“ஓடுது.”

“ஜன்னல் திறந்திருக்கா?”

அண்ணன் சாத்திய ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தார்.

“அறையில இருக்கிற நெடியையெல்லாம் பம்பு இழுத்துத் தண்ணிக்குள்ள ஊதுதுய்யா. முன்னாடியே பிடிச்சு வெச்ச தண்ணி ஏதாவது இருக்கா?”

“இல்லீங்க.”

“குழாய்த் தண்ணில மருந்து கலந்திருக்கும், நேரா ஊத்திடாத. ஜன்னலைத் திற. பம்பை ஜன்னல்கிட்ட வெச்சு வெளிக்காத்தை இழுக்க விடு. அதுக்கு மேல என் கையிலயும் இல்ல.”

சொன்னபடி செய்தோம். குண்டு மீன்தான் முதலில் சாய்ந்தது. அதை எப்படிக் கூப்பிடுவோம் என்று மூவருக்கும் தெரியும். மற்றவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அண்ணன் துணியையும் தின்னரையும் எடுத்துக்கொண்டு, அடித்த நீலத்தைத் துடைக்கப் போனார்.

“அதுவும் நாறும்,” என்றார் அண்ணி. “வெச்சிடுங்க. இங்க வந்து உக்காருங்க.”

கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். வேலையில்லாத கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. தொட்டியில் இரண்டு மீன்கள் மட்டும் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.