கருப்பாயியை ‘வாங்க’ என்றழைத்த கோமதி டீச்சர்

சென்ற திங்கட்கிழமை காலை நான் பிள்ளைகளின் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கோமதி டீச்சரின் அண்ணன் பள்ளி வாசலில் வந்து நின்றார். “தங்கச்சி விடியக்காலம் தவறிப்போச்சு சார். காய்ச்சல் இறங்கவே இல்லை” என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் அன்று, பயம். இனி எல்லா வகுப்புகளுக்கும் முன்னால் நான் ஒருவன்தான் நிற்க வேண்டும்.

குன்றக்குடிக்குக் கிழக்கேயுள்ள எங்கள் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர்கள் நாங்கள் இருவர்தான். டீச்சர் மூன்று வருடங்களுக்கு முன் சின்ன வகுப்புகளை நடத்த வந்தார்கள். வந்த வாரமே ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். வகுப்பில் யாரும் யாரையும் ‘வாடா, போடி’ என்று சொல்லக் கூடாது. எல்லாரும் எல்லாரையும் ‘வாங்க’ என்றே அழைக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையிடமும் டீச்சர் அப்படித்தான் பேசுவார்கள். “கருப்பாயி, சாப்பிட்டீகளா? சிலேட்ட எங்க வச்சீக?” பிள்ளைகள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

கருப்பாயி ஒரு பண்ணையாளின் மகள். அவர் பாடுபட்ட நிலத்துக்குச் சொந்தக்காரரான பெரிய வீட்டுக்காரரின் மகனும் அதே வகுப்புதான். ஒருநாள் களத்துமேட்டில், தன் தகப்பனார் பக்கத்தில் நிற்கும்போதே, “வாங்க கருப்பாயி” என்று அந்தப் பையன் கூப்பிட்டுவிட்டான்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பெரிய வீட்டுக்காரர் கம்பு பிடித்த நாலு ஆட்களோடு வந்தார். நான் என் வகுப்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது. இரண்டு வகுப்புகளுக்கும் நடுவிலிருந்த தட்டியின் இடுக்கு வழியே பார்த்தேன்.

“எம்மகன எவளுக்கு மரியாத கொடுக்கச் சொல்றே?”

“அந்தப் பிள்ளையும் உங்க மகனுக்கு அதே மரியாதையத்தான் கொடுக்குது ஐயா. உள்ள வந்து கேளுங்க.”

டீச்சரின் குரல் தெளிவாக இருந்தது.

“நாளைக்கி அந்தக் குட்டி இங்குட்டு வந்தா இந்தக் கூரை இருக்காது” என்று சொல்லி, மகனை இழுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் கருப்பாயியின் தகப்பனார் வந்து, தள்ளி நின்றே கும்பிட்டார். “எங்கள மரியாதையாக் கூப்பிடாதீக தாயி. அடி எங்க முதுகுலதான விழும்?”

டீச்சர் அவர் அருகில் போனார்கள். பிறகு, “விழாதுன்னு என்னால சொல்ல முடியாதுண்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பிள்ளைய நானே கூட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். சம்மதமா?” என்றார்கள். அந்த ‘அண்ணே’யைக் கேட்டு அவர் இன்னும் பயந்துபோனார். ஆனாலும் மகளை அனுப்பினார்.

நானும் கூட வருகிறேன் என்று சொல்ல, ஒவ்வொரு மாலையும் வாய்வரை வரும். வீட்டில் மனைவி மக்கள் நினைவுக்கு வருவார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போய்விடுவேன். மூன்றாம் நாள் யாரோ எறிந்த கல் டீச்சரின் தோளில் பட்டது. மறுநாள் காலை, “கையத் தூக்க முடியலை. போர்டுல கொஞ்சம் எழுதித் தாரீகளா சார்?” என்று மட்டும் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். என் வீரம் அவ்வளவுதான்.

கூரையை யாரும் கொளுத்தவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. இன்று நடக்கும், நாளை நடக்கும் என்று பயந்தே நாட்கள் போயின. கருப்பாயி இப்போது மூன்றாம் வகுப்பு.

சாவுச் செய்தி வந்த அன்றே திருக்கோஷ்டியூரில் டீச்சரின் வீட்டுக்குப் போனேன். அவர்களுடைய தாயார் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். “எம்மக எதையும் சொல்ல மாட்டா. அங்க அவள எல்லாரும் மரியாதையா நடத்துனாகளா சார்?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் உறவினர்கள் நின்றார்கள். “நான் நடத்தலை அம்மா. கதவைச் சாத்திக்கிட்டேன்” என்று தொடங்கி, கல் பட்டதுவரை சொன்னேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “தோளுல கதவு நிலை இடிச்சிருச்சுன்னு எங்கிட்டச் சொன்னாளே” என்றார். எழுந்துபோய் மகள் மேல் கிடந்த துணியை விலக்கினார்.

“எந்தத் தோளு சார்?”

வலது தோள் என்றேன். அதன்மேல் உள்ளங்கையை வைத்தவர், தூக்குகிறவர்கள் வரும்வரை எடுக்கவில்லை.

போய் வாருங்கள், டீச்சர். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.