கரண்ட் இருந்தும் இருட்டாகக் கிடந்த வீடு

என் கையெழுத்து சில நேரம் எனக்கே புரியாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர, பெரிய ற இரண்டிலும் இன்னும் தடுமாறுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள். வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. மகனுக்கும் அங்கேயே வேறொரு கம்பெனியில். ஆடி மாதம் அவன் வீட்டுச் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டுகளை எல்லாம் பிடுங்கி, ஓட்டைகளைப் பூசி வெள்ளையடித்தான். லைட், ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் இனி அவன் செல்போனில். வீட்டில் இருக்கும் எங்களுக்கு, டிவிக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு பெட்டி. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு லைட் போடு என்று சொல்ல வேண்டும். சொந்த வீட்டில்கூட, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. அந்தப் பெட்டியைக் கூப்பிடக் கூசிக்கொண்டு பல சாயங்காலம் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நாம் சொல்வது நெட் வழியாக எங்கோ வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்துதான் லைட் எரியுமாம். மகன் இதைப் பெருமையாகச் சொன்னான். பல்பு என் தலைக்கு மேலேதான் தொங்கியது.

கார்த்திகையில் மகளுக்கு ஊத்துக்கோட்டையில் வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம். கை நிறைய வளையலோடு அவளைக் காரில் அழைத்து வந்தோம். சம்பந்தியம்மாள், அதாவது மருமகனின் அம்மா, விட்டுவிட்டுப் போகக் கூடவே வந்தார். மகள் பிரசவம் வரை எங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கும் மனைவிக்கும் இருந்த ஒரே ஆசை.

அன்று காலை தெரு முனையில் திரும்பிய கன்டெய்னர் லாரி ஒன்று, மேலே தொங்கிய நெட் கேபிளை இழுத்து அறுத்துவிட்டுப் போயிருந்தது. நாங்கள் வந்து சேர்ந்தது விளக்கு வைக்கிற நேரம். எதிர் வீட்டில் லைட், பக்கத்து வீட்டில் டிவி. எங்கள் வீடு மட்டும் இருட்டு. முன்பெல்லாம் கரண்ட் போனால் தெருவே சேர்ந்து இருட்டில் இருக்கும், அதில் அவமானம் கிடையாது.

மகனுக்கு போன் செய்தேன். வேலைக்குப் போகிறவர்களின் செல்லை அவன் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மனைவி சாமி விளக்கை ஏற்றினாள். அந்த வெளிச்சத்தில் சம்பந்தியம்மாள் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு மேலே பார்த்தார்.

"இன்னாண்ணே, கரண்டு கீது, ஃபேன் சுத்தல?"

"நெட்டு இல்லீங்க" என்றேன்.

"காத்து வர்றதுக்கு நெட்டு எதுக்கு?"

பாத்ரூம் போன மகள் உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "அம்மா, கொழாயில தண்ணி வரல."

தொட்டி காலி. மோட்டாரும் நெட்டில்தான். நான் பக்கத்து வீட்டில் பக்கெட்டில் தண்ணீர் வாங்கி, சம்பந்தியம்மாளைத் தாண்டிப் பாத்ரூமுக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் சிந்தியது. என் வாழ்நாளில் அவ்வளவு கூசிக்கொண்டு எதையும் சுமந்ததில்லை.

"உங்க பொட்டி சொன்ன பேச்சு கேக்கும்னு உங்க புள்ள எங்கூட்ல பெருமை பேசினாரே. கேளுங்கண்ணே, பாப்போம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டியின் பெயரைச் சொல்லி, லைட் போடு என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அது இங்கிலீஷில் தேனொழுக ஏதோ சொன்னது.

"நெட்டு இல்லையாம், சாரியாம் நைனா" என்றாள் மகள்.

சம்பந்தியம்மாள் எழுந்துகொண்டார். "நெறமாசப் புள்ள. இந்த இருட்டுல வழுக்கி உழுந்தா யாரு பதில் சொல்றது, அந்தப் பொட்டியா? நீ வாம்மா, நம்மூட்டுக்குப் போலாம்."

இருங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். எந்த முகத்தோடு சொல்வது? அதே காரில் மகள் திரும்பிப் போனாள். வளையல் சத்தம் தெரு முனை வரை கேட்டது போல இருந்தது.

மறுநாள் மகனிடம் மனைவி அழுதாள். அவன், "வேற கம்பெனி நெட்டு ஒண்ணு சேத்து போட்டுக்கலாம்மா. ஒண்ணு போனா இன்னொண்ணு" என்றான். ஒரு பல்பு எரிய இரண்டு நெட். நான் போய் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். பூசின சுவரை உடைத்து, பழையபடி போர்டு மாட்டி, மோட்டாருக்கும் பச்சை, சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டர் போட்டார். மகன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

பிறகு பஸ் ஏறி ஊத்துக்கோட்டைக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்ட ஒரே பேச்சைச் சம்பந்தியம்மாளிடம் சொன்னேன். "சுவிட்ச் மாட்டிட்டேன். வந்து நீங்களே போட்டுப் பாருங்க."

நேற்று வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராகப் போர்டுக்குத்தான் போனார். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டார். பாத்ரூம் குழாயைத் திறந்து கை நீட்டிப் பார்த்தார். காபி குடித்துவிட்டு, "வரேண்ணே, பாத்துக்குங்க" என்று மகளை விட்டுவிட்டுப் போனார்.

மகள் உள்ளே தூங்குகிறாள். ஃபேன் ஓடுகிறது. பெட்டியை மகன் தூக்கிப்போட விடவில்லை. அது இன்னும் டிவி பக்கத்தில் நீல விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. நான் அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறேன்.

மார்கழி ஒன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.