போட்டோவுக்காக விட்ட கயிறு

சங்கராபுரத்திலிருந்து நானும் மனைவி செல்வியும் கல்வராயன் மலைக்குப் பாறை ஏறப் போயிருந்தோம். கைப்பிடிக்கு இடமே இல்லாத சாய்வுப் பாறை. உச்சியில் மாட்டியிருந்த கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை என் கையில். பாதி உயரத்தில் அவள் நின்றபோது, போட்டோ எடுக்கக் கயிற்றை விட்டேன். அந்த நொடியில் அவள் கால் வழுக்கியது. என் பின்னால் நின்ற பெண் பயிற்சியாளர் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்.

"நல்லா புடிச்சீங்க!" என்று செல்வி மேலிருந்து சிரித்தாள்.

அவள் இறங்கியதும், "நான் புடிக்கல செல்வி. போன் பாத்துக்கினு இருந்தேன். இவங்கதான் புடிச்சாங்க" என்றேன்.

சிராய்த்த முழங்கையைத் துடைத்துக்கொண்டே, "சரி, நீங்க ஏறுங்க. நான் புடிக்கிறேன்" என்றாள்.

ஏறும்போது மூன்று முறை கீழே பார்த்தேன். மூன்று முறையும் அவள் கண் என்மேல்தான் இருந்தது. நான்காவது முறை பார்க்க வெட்கப்பட்டு, மேலே ஏறினேன்.