வலிக்கு நேரம் குறித்தவர்

என் தங்கை வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். தகரக் கூரை போட்ட ஒரு கூண்டு, ஒலிபெருக்கி, விசில், நீளமான ஒரு தாள். இவ்வளவுதான் அவர் ராஜ்யம். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று கட்டம் கட்டமாக எழுதுவார். தாமதமாக வந்த வண்டிக்குச் சிவப்பு மை. நேரத்துக்கு முன்னாடியே கிளம்பிய வண்டிக்கும் சிவப்பு மைதான். ஆறடி உயர டிரைவர்கள் அந்தக் கூண்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மனிதர் என்னவோ என் தோளுக்குத்தான் வருவார்.

கல்யாணமான புதிதில் அவரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சாப்பிடக் கூப்பிட்டால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆறு நிமிஷம் இருக்குக்கா" என்பார். அது யார் வைத்த ஆறு நிமிஷமோ, கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் என் தங்கையை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஏழு வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியபோது, மாடிப்படி இறங்க அவளைவிட அவர்தான் அதிகம் பயந்தார்.

எங்கள் அம்மா இல்லை. அதனால் பிரசவத்துக்குத் துணையாக நான் போய் இருந்தேன். இரண்டு பெற்றவள் என்ற பவிசு வேறு எனக்கு.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் அவளுக்கு வலி கண்டது. மூவரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சூட்டு வலிம்மா, பிரசவ வலி இல்ல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை விடாம வரணும். அப்ப வாங்க" என்றாள். பக்கத்திலிருந்த இன்னொருத்தி, "சார் டைம்கீப்பராமே? நேரம் பாத்து வரக்கூடாதா?" என்று சிரித்தாள். அவர் முகம் செத்துவிட்டது. ஊருக்கெல்லாம் நேரம் சொல்கிறவரை, நேரத்துக்கு முன்னாடி வந்துவிட்டீர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, காலை ஆறரைக்கு மறுபடியும் வலி. இந்தத் தடவை அவர் ஓடவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துத் தாள் ஒன்றை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி வந்த நேரம் என்று அச்சடித்திருந்த கட்டத்தில் வலி வந்த நேரம். வண்டி போன நேரத்தில் வலி விட்ட நேரம். கடைசிக் கட்டத்தில் இடைவெளி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பேசாம விசிலையும் ஊதிடுங்க தம்பி, புள்ள கிளம்பி வந்துரும்" என்றேன். தங்கைகூட அந்த வலியிலும் சிரித்தாள்.

இடைவெளி பன்னிரண்டு நிமிஷம். அப்புறம் ஏழு. அப்புறம் பத்து, ஐந்து, ஒன்பது. ஐந்து வந்தபோதே நான், "கிளம்பலாமா தம்பி?" என்று கேட்டேன். "ஒண்ணை வெச்சு நம்பக்கூடாதுக்கா. வரிசையா மூணு வரணும்" என்றார். அது அவர் வேலையில் உள்ள வழக்கம். ஒரு தடத்தில் மூன்று வண்டி தொடர்ந்து சரியான இடைவெளியில் வந்தால்தான் தடம் சீராகிவிட்டதென்று எழுதுவார். சரிதான் என்று எனக்கும் பட்டது.

பதினோரு மணிக்கு என் தங்கை, "காலையிலேருந்து குழந்தை அசையவே இல்லைங்க" என்றாள்.

"அது கொஞ்சம் தூங்கட்டுமே. வெளிய வந்தா யாரு தூங்க விடப்போறா?" என்றார் அவர், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வலி வந்துட்டா குழந்தை அடங்கித்தான்டி கிடக்கும்" என்று நான் ஒத்து ஊதினேன். எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. என் இரண்டும் எப்படி இருந்தன என்பதே மறந்துபோய்விட்டது. ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன்.

பன்னிரண்டரைக்கு அவள் மறுபடியும் அதையே சொன்னாள். இந்தத் தடவை குரல் சின்னதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஐந்து நிமிஷத்தில் ஒரு வலி வந்தது, அடுத்ததும் ஐந்தில் வந்தது. அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதுக்காகக் காத்திருந்தார். அது எட்டு நிமிஷத்தில் வந்தது. "ச்சே" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. அது நல்லதுக்கில்லை என்று எனக்கே தெரியும். நான் போட்ட சத்தத்தில்தான் அவர் எழுந்தார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் குழாயை வயிற்றில் வைத்துக் குழந்தையின் துடிப்பைத் தேடினாள். இடம் மாற்றி மாற்றித் தேடினாள். அன்றைக்குச் சிரித்த அதே நர்ஸ்தான். இன்று சிரிக்கவில்லை.

"குழந்தை கடைசியா எப்ப அசைஞ்சது?" என்று கேட்டாள்.

அவர் தாளை நீட்டினார். நாற்பத்தைந்து வலி, ஒரு நிமிஷம் பிசகாமல். நர்ஸ் மேலிருந்து கீழே பார்த்தாள். "இது இல்ல சார். அசைவு எப்ப?" அதற்கு அதில் கட்டம் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டரம்மா வந்து, "துடிப்பு இறங்கிட்டே இருக்கு. உடனே வயித்தைத் திறந்து எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க" என்றார். தினமும் நூறு கையெழுத்துப் போடுகிற மனிதர், நர்ஸ் விரலை வைத்துக் காட்டியும் தப்பான இடத்தில் போட்டார். "எத்தனை நிமிஷம் ஆகும்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

நடையில் இரண்டு இரும்பு நாற்காலி. எங்கள் எதிரே ஒருவன் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். காலைத் தூக்கச் சொன்னான், தூக்கினோம். அந்த ஒரு வேலைதான் எங்களால் செய்ய முடிந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் அவர் எழுந்தார், வேறு யாரோ வந்தார்கள், உட்கார்ந்தார். "ஏதாவது சொல்லுங்கக்கா" என்றார். அவரை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்க வேண்டும் என்றிருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? கூட உட்கார்ந்து தலையாட்டியவள் நான்தானே.

குழந்தையைத் துணியில் சுற்றி ஒரு நர்ஸ் ஓடினாள். அழுகைச் சத்தம் இல்லை. "பொண்ணு" என்று ஓடிக்கொண்டே சொன்னாள். பின்னாலேயே ஓடினோம், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். உள்ளே வாயில் குழாயோடு கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை.

டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "உயிர் இருக்கு. எவ்வளவு நேரம் மூச்சில்லாம இருந்துச்சுன்னு தெரியல. மூணு நாள் பாப்போம்."

"மூணு நாள்ல தெரிஞ்சிடுமா டாக்டர்?"

"பொழைக்குமான்னு தெரியும். உக்காருமா, நடக்குமா, பேசுமாங்கிறது வளர வளரத்தான்."

மூன்றாம் நாள் மத்தியானம் குழாயை எடுத்தார்கள். குழந்தை தானாக மூச்சு விட்டது. அழுதது. அழுகை என்று சொல்ல முடியாது, முனகல்தான். அதைச் சொல்ல அவர் வார்டுக்கு ஓடினார், நானும் ஓடினேன். என் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"நான் சொன்னப்ப உங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கேட்டுச்சு."

"ரெண்டாவது தடவை?"

"அதுவும் கேட்டுச்சு."

அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இனிமே நான் ஒண்ணு சொன்னா எழுதாதீங்க. எந்திரிங்க."

அவர் அந்த நிமிஷமே எழுந்துவிட்டார். எழுந்தவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.