தோட்டத்துக்கு யார் போவது

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடந்துகொண்டே பாடம் எடுப்பார். அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் செய்யுள் நடத்தினால் அவர் செருப்பு தாளம் போடும். எரிச்சலாக வரும்.

வீட்டிலும் அப்படித்தானாம். "சோத்தக்கூட நின்னுக்கிட்டேதான் திங்கிறா. கால்ல சக்கரம்" என்பார் அவர் மாமியார். வேலை நிரந்தரமில்லை, வருஷா வருஷம் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. அந்த நிலையில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா?

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பள்ளி ஆய்வாளர் வரும் நாளில் கடைசி இரண்டு பெஞ்சுக்காரர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை, தாங்களே வாளியைத் தூக்கிக்கொள்வார்கள். தோட்டம் மட்டும் செழிப்பாக இருந்தது.

அந்த வருஷ ஆய்வு நாளிலும் பம்பரத்தின் வகுப்பில் ஒரு சிறுமி வாளியோடு எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தண்ணி ஊத்த, டீச்சர். எப்பவும் நாங்கதானே போவோம்?"

"வாளிய வெச்சிட்டு உக்காரு. ஒரு நாள் தண்ணி இல்லன்னா செடி செத்துடாது."

விஷயம் காதில் விழுந்து தலைமையாசிரியர் ஓடி வந்தார். "ஏம்மா, இந்த விஷப்பரீட்சையெல்லாம் எதுக்கு? கையெழுத்துப் போடறது நான்தான், ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். அந்தப் பிள்ளைங்களும் நம்ம பிள்ளைங்கதான், அதுவும் ஞாபகம் இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அவர் மேல்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறாரே என்று.

ஆய்வாளர் வந்தார். முன் பெஞ்சு கிளிப்பிள்ளையாய் ஒப்பித்தது. அவர் நடந்து போய் வாளிக்காரச் சிறுமியிடம் நின்றார். "அரையில பாதி எவ்வளவும்மா?"

தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பரம் அசையாமல் நின்றது. அப்படி நான் பார்த்ததே இல்லை.

"தெரியல சார்" என்றாள் சிறுமி. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். அவள் குனிந்து வாளியை எடுத்தாள். "அப்ப நான் தோட்டத்துக்குப் போகட்டுமா சார்?"

"தோட்டத்துக்கா? எதுக்கு?"

தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர்தான் வந்து அவள் கையிலிருந்த வாளியை வாங்கினார். "தெரியலன்னா இங்கதான் இருக்கணும், கண்ணு. தெரிஞ்சுக்கத்தானே வந்திருக்க" என்றார்.

அந்த வருஷம் கையெழுத்து விழவில்லை. எங்களில் யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் எனக்குத்தான் பாடம் ஓடவில்லை.

அடுத்த ஆய்வு நாள் வந்தது. என் வகுப்பின் கடைசி பெஞ்சு எழுந்து வாளியைத் தேடியது.

"சார், வாளியக் காணோம்."

காலையிலேயே எல்லா வாளிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. "உக்காருங்க" என்றேன். நான்தான் உட்கார முடியாமல் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.