டீசல் மருந்துக்கு நான் போடாத கையெழுத்து

டீசல் பம்ப் பழுதுபார்க்கிறவளிடம் எந்த வண்டியும் நேராக வராது. ஊரில் உள்ள மருந்தையெல்லாம் குடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் வரும். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் பதினெட்டு வருடமாக ஷெட் வைத்திருக்கிறேன். டிரைவர்களுக்கு நான் ‘பம்ப் அக்கா’. டீசல் வண்டியை வைத்துக்கொண்டு அல்லல்படுகிறவர்களே, ‘பம்ப் வழவழவென்று ஓடும், மைலேஜ் எகிறும்’ என்று உங்களிடமும் யாராவது ஒரு பாட்டிலை நீட்டியிருப்பார்கள். அந்தப் பாட்டில்களோடு நான் மல்லுக்கட்டியதைக் கொஞ்சம் கேளுங்கள்.

தோலுக்கு ஊற்றுவது

ரஃபீக் பாய் ஒரு தோல் தொழிற்சாலையின் வேன் டிரைவர். ஒருநாள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே தயிர் உறைந்த மாதிரி வெள்ளையாக ஏதோ. முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது. பதனிட்ட தோல் விறைத்துப் போகாமல் இருக்க டிரம்மில் ஊற்றி உருட்டுவார்களே, அந்த எண்ணெய். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டாம்.

இப்போது வரும் டீசலில் வழவழப்பு கம்மி, மருந்து ஊற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாய் கடைக்குப் போகவில்லை. வேலை செய்கிற இடத்திலேயே ஒரு கேன் பிடித்து டாங்கில் கவிழ்த்துவிட்டார். அது தண்ணீரோடு சேருகிற எண்ணெய். டாங்கின் அடியில் கிடந்த ஈரத்தோடு கலந்து கூழாகிவிட்டது. டாங்கை இறக்கிக் கழுவ ஒரு பகல் முழுக்கப் போயிற்று. நான் திட்டத் திட்ட மனிதர் அசையவே இல்லை.

“இன்னாக்கா பேசற? வெறைச்சுக் கெடக்கற தோலே மெத்துனு ஆவுது, பம்புக்கு மட்டும் ஆவாதா?”

சக்கரமும் ஷாம்புவும்

வேலூரிலிருந்து டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். கையில் ஒரு சின்ன மெஷின். சுழலும் சக்கரத்தின் மேல் ஒரு இரும்புத் துண்டை அழுத்தினார். வெறும் டீசலில் சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. தன் மருந்தை நாலு சொட்டு விட்டார். எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை. டீ குடிக்க வந்த டிரைவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு ஷாம்பு பாக்கெட் வாங்கி வந்தேன். சக்கரத்தைத் துடைத்துவிட்டு அதைப் பிழிந்தேன். சக்கரம் அதற்கும் நிற்காமல் ஜோராகச் சுழன்றது. நானும் அவருக்கு விளக்கினேன்: கந்தகத்தைக் குறைக்கும்போது டீசலில் போய்விடுகிற வழவழப்பை ஈடுகட்ட, அது சுத்தமாகிற ஆலையிலேயே மருந்து சேர்த்துத்தான் பெட்ரோல் பங்க்குக்கு அனுப்புகிறார்கள். நிறைந்த வயிற்றுக்கு இன்னொரு சாப்பாடு எதற்கு? அவர் முகம் சிவந்து, மெஷினைப் பையில் திணித்தார்.

“அப்போ ஷாம்பு ஊத்தியே வண்டி ஓட்டுங்க மேடம், எனக்கு இன்னா?”

நான் இறங்கி வந்த இடம்

நியாயமாக இதையும் சொல்லிவிட வேண்டும். குடியாத்தம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் தம்பதி ஒரு பழைய வேனைக் கொண்டுவந்தார்கள். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டி ஓட்டி, பம்ப் காய்ந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் என்றும் கேட்காமல் அந்த அம்மா ஒரு பாட்டிலை ஊற்றினார். சத்தம் குறைந்தது. நிஜமாகவே குறைந்தது. காய்ந்த டீசலுக்கு அது கொஞ்சம் உதவும். ஆனால் தேய்ந்துபோன இரும்பு திரும்ப வளராது, மைலேஜும் இம்மி கூடவில்லை. இதையெல்லாம் நான் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருக்க, அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

“சத்தம் கொறைஞ்சுதுன்னு ஒரு வார்த்த சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?”

காலி பாட்டில்

ரஃபீக் பாய் ஓட்டுகிற கம்பெனியின் வேன்கள்தான் என் ஷெட்டுக்குச் சோறு. மற்ற வண்டிகள் எல்லாம் ஊறுகாய். அந்தக் கம்பெனியின் போக்குவரத்து மேனேஜர், மருந்தைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவிட்டு என்னிடம் வந்தார். மருந்து ஊற்றியதில் மைலேஜ் கூடியது என்று நான் கையெழுத்துப் போட வேண்டும், முதலாளியிடம் காட்ட வேண்டும். சோதனை செய்யாமல் போடமாட்டேன் என்றேன்.

ஒரே வண்டி, ஒரே சுமை, ராணிப்பேட்டை போய்த் திரும்ப ஒரே ரோடு. ஓட்டியவர் ரஃபீக் பாய். முதலில் வெறும் டீசல். அடுத்து பாய்க்குத் தெரியாமல் மருந்து கலந்து அனுப்பினேன். மைலேஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றாவது முறை, பாய் கண்ணெதிரே காலி பாட்டிலை டாங்கில் கவிழ்த்துத் தட்டினேன். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. மைலேஜ் கூடிவிட்டது!

எப்படி பாய் என்று கேட்டேன். வெட்கத்தோடு சிரித்தார்.

“மருந்து ஊத்துன வண்டியாச்சேக்கா, அடிச்சு வெரட்ட மனசு வரல. பதமா மிதிச்சேன்.”

முத்திரை

மேனேஜர் தாளை மேஜையில் வைத்தார். “மூணாவது தபா நல்லா வந்துதில்ல? அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுமா. பேஜார் பண்ணாத” என்றார். பம்பை செட் செய்து முடித்ததும் கம்பி கட்டி ஈயத்தில் என் முத்திரையைக் குத்துவேன். அதைப் பார்த்தால் வேறு யாரும் திருகாணியைத் தொடமாட்டார்கள், அவ்வளவு நம்பிக்கை. அதே கையால் காலி பாட்டிலுக்குச் சான்று கொடுப்பதா? முடியாது என்றேன். அடுத்த வாரமே வேன்கள் எல்லாம் வேறு ஷெட்டுக்குப் போய்விட்டன. பயமாகத்தான் இருந்தது. வேலை மேஜை வெறிச்சென்று கிடந்ததைப் பார்த்து ஒரு மத்தியானம் அழுதேன். அழுது முடித்ததும், ‘இங்கே டீசல் மருந்து விற்பதில்லை’ என்று சிவப்பு பெயின்ட்டில் நானே எழுதி வாசலில் மாட்டினேன்.

வேன்கள் இன்றுவரை திரும்பவில்லை. போன மாதம் ரஃபீக் பாய் மட்டும் வந்து, போர்டைப் படித்துவிட்டு, தன் மச்சானுடைய வண்டிச் சாவியை என் மேஜையில் வைத்தார்.

“மருந்து எங்க வேணா கெடைக்குதுக்கா, இல்லேன்னு சொல்ற ஆளுதான் கெடைக்கல.”

பதினெட்டு வருடத்தில் நான் கண்டறிந்தது, மைலேஜ் மருந்து வேலை செய்வது டாங்கில் அல்ல, ஓட்டுகிறவரின் வலது காலில்தான் என்பது. அப்படியே எழுதிக் கொண்டுவந்தால், எத்தனை தாள் நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.