பெத்தவளுக்கு ஒரு பாட்டில்

எங்கள் கம்பத்தில் மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டருக்கு வைத்தியம் தெரியாது. பாட்டில் தொங்கவிடுகிறவர்தான் கைராசிக்காரர். காய்ச்சலா, பாட்டில். களைப்பா, பாட்டில். மாமியாரோடு சண்டை போட்டுச் சாப்பிடாமல் கிடந்தவளுக்கும் பாட்டில். அதில் இருப்பது உப்போ சர்க்கரையோ கலந்த தண்ணீர்தான், ஒரு கலர் சோடா குடித்தாலே அந்தச் சர்க்கரை வந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நான் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை கட்டில் கிடைக்காது. மலைமேல் ஏலத்தோட்டங்களில் வாரம் முழுக்கத் தங்கி வேலை செய்கிற சனம் அன்றுதான் கீழே இறங்கும். சாமான் வாங்கும், ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்ளும், சாயங்கால ஜீப்பில் மறுபடி மலை ஏறும்.

இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்த்தவள் பவுனுத்தாய் சிஸ்டர். ஒல்லி உடம்பு, வார்டையே நடுங்க வைக்கிற தொண்டை. நோயாளிக்கு உள்ளே போகிற நீருக்கும் வெளியே வருகிற நீருக்கும் அவளிடம் கணக்கு தப்பாது. கஞ்சி, மோர், டீ எல்லாமே அவள் கணக்கில் தண்ணீர்தான். இளநீரோடு பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலிலேயே மடக்கிவிடுவாள். பெண்டாட்டியின் மூத்திரத்தை அளக்காமல் கொட்டிவிட்ட ஒரு பெரிய மனுஷரை அவள் பேசிய பேச்சில், அவர் அடுத்த முறை ஜாடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அவளையே அதட்டுகிற ஆள் ஒருத்தி உண்டு. அவளைப் பெற்ற சங்கிலியம்மாள். ஊர் காமயகவுண்டன்பட்டி. புருஷன் செத்த பிறகு ஏலக்காய் பறித்துத்தான் மகளை மதுரைக்கு அனுப்பி நர்சு படிக்க வைத்தாள். மலையில் மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டிலில் நீட்டிப் படுத்து, "ஏத்தும்மா" என்று கையை நீட்டுவாள். வாரத்தில் அவள் பகலில் படுப்பது அந்த நேரம் மட்டும்தான். மகள் கையால் கிடைக்கிற பாட்டில் அவளுக்கு மருந்தல்ல, மரியாதை. பக்கத்துக் கட்டில்காரியிடம், "இவ எம்மக. ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்பாள்.

ஆனால் பொறுமை கிடையாது. பாட்டிலிலிருந்து வருகிற டியூபில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். மேலே உருட்டினால் சொட்டு வேகமாக விழும். மகள் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், கிழவியின் கை அதற்குப் போய்விடும்.

"கைய எடு ஆத்தா! இது என்ன குழாயடியா, தொறந்துவிட்டுட்டுப் போறதுக்கு?"

"நீ சொட்டுச் சொட்டா விட்டுக்கிட்டு இரு. ஜீப்பு உனக்காக நிக்குமாக்கும்?"

2005 மழைக்காலத்தில் சங்கிலியம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பவுனுத்தாய் அம்மாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது; விழுந்த குழி எழும்பவில்லை. இருதயம் பலவீனமாகிவிட்டது, இறைக்க முடியாத நீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது என்றார் டாக்டர். குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும், பாட்டில் கூடவே கூடாது.

"இனிமே உனக்கு பாட்டில் கிடையாது ஆத்தா. ஏத்துனா செத்துப் போவ."

சங்கிலியம்மாள் சிரித்துவிட்டாள். மகள் விளையாடவில்லை என்று தெரிந்ததும் முகம் சுண்டிப்போனது. "ஊர்ல உள்ளவுகளுக்கெல்லாம் ஏத்துற. பெத்தவளுக்கு ஒண்ணு ஏத்த முடியலையா?" என்றாள், வார்டுக்கே கேட்கிற மாதிரி.

அந்தப் பேச்சு ஜீப்பில் ஏறி எல்லாத் தோட்டத்துக்கும் போனது. தாய்க்கு பாட்டில் போடாத நர்சு. கல்யாண வீட்டில் அவள் காதுபடவே சொன்னார்கள். மகள் போடாவிட்டால் என்ன, கம்பத்தில் கிளினிக்குக்கா பஞ்சம்? கிழவி இருதயக் கதையை மூச்சுவிடாமல் வேறு இடங்களில் ஏற்றிக்கொள்ளத் தொடங்கினாள். பவுனுத்தாய் ஒவ்வொரு கிளினிக்காகப் போய், "எங்க ஆத்தா வந்தா போடாதீக" என்று கெஞ்சிவிட்டு வந்தாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்! ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவின் காலை அழுத்துவாள். குழி ஆழமாகிக்கொண்டே போனது. "எங்க போட்ட?" "போடலடி." "கால் பொய் சொல்லாது ஆத்தா."

மறுவருஷம் மாசியில், ஒரு ஞாயிறு பின்மதியம், பவுனுத்தாயின் தம்பி ஈஸ்வரபாண்டி அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். எங்கேயோ இரண்டு பாட்டில் ஏற்றியிருக்கிறாள். ஜீப்பைப் பிடிக்கிற அவசரத்தில் சக்கரத்தை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறாள். கம்பம்மெட்டு மலையில் நாலைந்து வளைவு ஏறுவதற்குள் மூச்சு அடைத்துவிட்டது. மார்புக்குள் கொதிக்கிற உலைச் சத்தம். வாயோரம் நுரை.

பவுனுத்தாய் பதறவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்தாள், ஆக்சிஜன் மாட்டினாள், ஊசி ஏறுவதற்குக் கையில் வழி செய்து நீர் பிரிகிற மருந்தைப் போட்டாள், மூத்திரப் பையைக் கட்டினாள். உள்ளே போன நீர் வெளியே வந்தால் அம்மா பிழைப்பாள். சாப்பிடப் போயிருந்த டாக்டருக்கும், தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சுக்கும் சொல்லியாயிற்று. இரத்தம் எடுக்க வந்த நான், அவள் அந்த மூத்திரப் பையையே பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

கிழவி ஆக்சிஜன் மூடியைப் பிடுங்கி எறிந்தாள். "நாக்கு வறளுது. இப்பவாச்சும் ஒரு பாட்டில் போடு பவுனு."

"வேணாம் ஆத்தா. உள்ள பூராம் தண்ணிதான்."

"ஏக்கா, கேட்குறாகள்ல! போட்டாத்தான் என்ன? உனக்கு ஈரமே இல்லையா?" என்று ஈஸ்வரபாண்டி கத்தினான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவனும் அழுதுகொண்டுதான் கத்தினான்.

மூடியை மாட்ட மாட்ட அவள் பிடுங்கினாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பவுனுத்தாய் விறுவிறுவென்று ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினாள். டியூபின் முனையைக் கையில் ஏற்றியிருந்த ஊசியோடு சேர்க்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டில் சும்மா படிய வைத்து மேலே பிளாஸ்திரியை ஒட்டினாள், சக்கரத்தை இறுக மூடினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"போட்டுட்டேன் ஆத்தா. இப்ப மூடிய மாட்டிக்க."

சங்கிலியம்மாள் பாட்டிலை அண்ணாந்து பார்த்தாள். முகம் இளகியது. சின்னப் பிள்ளையாக மூடியை வாங்கிக்கொண்டாள். பையில் மூத்திரம் இறங்கத் தொடங்கியது. அதைக் கண்டதும் பவுனுத்தாயின் முகத்தில் உயிர் வந்தது. அடுத்த ஊசிக்கு மருந்து எடுக்கப் போனாள்.

பழகின கை சும்மா இருக்குமா! ஜீப் நினைப்போ என்னவோ, கிழவி சக்கரத்தைத் தேடிப் பிடித்து உருட்டிவிட்டாள். தண்ணீர் பிளாஸ்திரிக்கு அடியில் வழிந்து விரிப்பை நனைத்தது. கைக்குக் கீழே ஈரம் பட்டதும் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊசி மருந்தோடு மகள் திரும்பியபோது மூடியை விலக்கிக்கொண்டு சொன்னாள்:

"மெத்தைக்கு ஊத்துற. எனக்கு ஊத்த மாட்டேங்கிற."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் போட்ட ஊசி அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வருவதற்குள் உலைச் சத்தம் அடங்கிவிட்டது.

டாக்டர் வந்து கண்ணைத் திறந்து பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். பாதி காலியாகத் தொங்கிய பாட்டிலைக் கண்டதும் முகம் மாறியது.

"எவ்வளவு உள்ள போயிருக்கு சிஸ்டர்?"

பவுனுத்தாய் நனைந்த விரிப்பை உருவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் போகல சார்" என்றாள். "எங்க ஆத்தாளுக்கு ஒரு சொட்டுகூடப் போகல." பிறகு அந்த ஈர விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறி அழுதாள்.